மூன்று முறை திருப்பி அனுப்பியவர் மீதான என் புகாரை நீக்கக் கோரி

அனுப்புநர்:
மனு எண் 214-இன் மனுதாரர்
(தையற்கடை நடத்துபவர், காவலில் இருந்தவரின் அக்கா)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தனிநபர் மனுக்கள் பிரிவு,
பன்னாட்டு மனித உரிமைக் குழுச் செயலகம்

பொருள்: சட்ட அலுவலர் அம்மையார் மீது சென்ற ஆண்டு நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதலும், அவரது பணி நீட்டிப்பு வேண்டுதலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அச்சகத்தில் பிழை திருத்துபவனான என் தம்பி, ஒரு துண்டறிக்கைக்குப் பிழை திருத்திக் கொடுத்ததற்காக விசாரணையின்றிப் பதினேழு மாதம் சிறையில் இருந்தான். தங்கள் குழு தலையிட்டதால் சென்ற மாதம் வீடு வந்து சேர்ந்தான். இப்போது என் கடை வாசலில் உட்கார்ந்து என் பெயர்ப் பலகையில் பிழை பிடித்துக்கொண்டிருக்கிறான். அதற்காக முதலில் தங்களுக்கு நன்றி.

2. மேற்படி அம்மையார் என் மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினார். முதலில், தம்பி கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லை என்றார். அது இல்லாமல் மேற்கொண்டு படிக்க விதியில்லையாம். அந்த ஒரு கையெழுத்துக்காக ஐந்து முறை சிறை வாசலில் நின்றேன். அடுத்து, எங்கள் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு நகலைக் கேட்டார். இதற்கிடையில் காவலில் தம்பியின் வலக்கை விரல்களை முறித்துவிட்டார்கள். அதற்கான மருத்துவச் சான்றிதழைச் சேர்த்து அனுப்பினால், அதில் தேதி இல்லை என்று மூன்றாவதாகத் திருப்பினார். ஒவ்வொரு முறையும் நான்கு வரிக் கடிதமும் விதிகளின் நகலும் வரும். ஏதாவது ஒரு விதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கும். ஆறுதலாக ஒரு சொல் கிடையாது.

3. மூன்றாவது கடிதம் வந்த அன்று, வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுத் தங்களுக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினேன். ஈவிரக்கமற்றவர், வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று கைக்கு வந்தபடி எழுதினேன். அதில் தேதி போட மட்டும் மறக்கவில்லை.

4. பிறகு எங்கள் அரசின் பதில் வந்தது. ஒப்புதல் தம்பியுடையதல்ல, உள்நாட்டு நீதிமன்றத்தை நாடவில்லை, விரல்கள் கைதுக்கு முன்பே முறிந்திருந்தன என்று மூன்று காரணங்கள் சொல்லி மனுவைத் தள்ளச் சொன்னார்கள். மூன்றுக்கும் பதில் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. இரு தரப்புக்கும் பொதுவானவர் என்பதால் யாருக்கும் யோசனை சொல்ல அம்மையாருக்கு அனுமதியில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். திருப்பி அனுப்ப மட்டுமே அவரால் முடியும், அதைத்தான் செய்தார். அந்தப் பென்சில் கோடு விதிமீறல் என்று தாங்கள் கருதினால், அதை நான் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. நன்றி சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த உதவியாளர், "மேடத்தோட வேலை நீட்டிப்பு நின்னு போயிருக்கும்மா. அவங்க மேல ஒரு புகார் இருக்கு. நீங்க கொடுத்ததுதான்" என்றார். பிறகு அம்மையாரே பேசினார். "புகார் கொடுக்கறது உங்க உரிமைம்மா. அத விடுங்க. தம்பி ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டார். என் புகாரைப் படித்த பிறகும் எட்டு மாதம் எங்கள் கோப்பை அவர்தான் பார்த்திருக்கிறார். இவ்வளவு வெட்கமும் இவ்வளவு நன்றியும் எனக்கு ஒரே நாளில் வந்ததில்லை.

6. ஆகவே அப்புகாரை அவரது பணிப் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவரை அதே மேசையில் தொடர விட வேண்டுகிறேன். இன்னும் எத்தனையோ அக்காக்களின் மனுக்கள் அங்கே வரும். அவற்றையும் அவர் திருப்பி அனுப்ப வேண்டும். புகாரைத் திரும்பப் பெறத் தனிப் படிவம் இருந்தால் அனுப்பிவையுங்கள். எத்தனை முறை திருப்பினாலும் பூர்த்தி செய்து தருவேன், முணுமுணுக்க மாட்டேன்.

7. பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் மனு செல்லாது என்று அவரிடம் கற்றுக்கொண்டதால், இம்முறை தம்பியும் கீழே கையெழுத்திட்டிருக்கிறான். தங்கள் கோப்பில் உள்ள அவன் பழைய கையெழுத்தோடு இது ஒத்துப்போகாது. அது விரல்கள் முறிவதற்கு முன் போட்டது. இந்தக் காரணத்துக்காக மட்டும் மனுவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடைத்தெரு, தையற்கடை
நாள்: மார்ச் 9

என்றும் கடமைப்பட்டுள்ள,
(ஒப்பம்) மனுதாரர், அக்கா
(ஒப்பம், இடக்கையால்) தம்பி