மாப்பிள்ளையின் அப்பா பேசவேண்டாம்

அக்டோபர் 3, 2009, சனி

காலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். ஊரை விட்டு மகன் வீட்டுக்கு, ஜோர்டானின் இந்த அம்மான் நகரத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ரொட்டி வாங்க இன்னும் பயம். கடைக்காரனிடம் இல்லை, வரிசையில் நிற்பவர்களிடம். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'க' வருகிற இடத்தில் 'ச்ச' விழும். நான் வாயைத் திறந்ததும் பின்னால் ஒருத்தி, "மாமா, ஆட்டையெல்லாம் எங்க கட்டிட்டு வந்தீங்க?" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். படியேறும்போதுதான் கோபம் வந்தது. என் மனைவி ஸுப்ஹிய்யா சொல்வாள், "உங்க கோவம் நொண்டிக் கழுதைல ஏறி வருது."

அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அவள் கூப்பிட்டால் எதிர்மலையில் மேய்கிற ஆடே திரும்பிப் பார்க்கும். மகன் ஃபவ்வாஸும் சின்னதில் அவள் மாதிரியேதான். பல்கலைக்கழகம் போன இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான், வாயில் நகரத்துப் பேச்சு. "யாரு வீட்டுப் புள்ளடா நீ?" என்று கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. அங்கே பையன்கள் அவனை ஒரே சொல்லைச் சாயங்காலம் வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்களாம். அவன் சொல்லவில்லை, அவன் சிநேகிதன் சொல்லித்தான் தெரியும்.

ரொட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எங்கேயோ போய்விட்டேன்.

அக்டோபர் 16, வெள்ளி

ஃபவ்வாஸுக்குப் பெண் கேட்கப் போகும் நாள் குறித்தாகிவிட்டது. முப்பதாம் தேதி, எங்கள் பக்கம் இருபது ஆண்கள். பெண் லுஜைன், நல்ல பெண். அவள் அப்பா அபூ ஹிக்மத் துணி வியாபாரி, மூன்று தலைமுறையாக நகரத்து ஆள்.

சாப்பிட்டு முடித்ததும் ஃபவ்வாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யாபா, அன்னிக்கு நம்ம சார்பா இஸ்ஸத் பே பேசுவாரு. பெரிய வக்கீல். நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"ரெண்டு வார்த்தை கூடவா சொல்லக்கூடாது?"

"வேண்டாம் யாபா. அவங்க வீட்டு ஆளுங்க ஒரு மாதிரி. சிரிப்பாங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? பெத்த அப்பன் நான். வாயை மட்டும் வீட்ல வெச்சுட்டு வரணுமாம்.

அக்டோபர் 19, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கூடம் நிறைய ஆட்கள். எங்கள் கூட்டத்துத் தலைவர் என்று இஸ்ஸத் பேக்கு முதல் கோப்பை, மாப்பிள்ளையின் அப்பா என்று எனக்கு அடுத்தது. கேட்டது கிடைக்கும்வரை அந்தக் காபியைத் தொடக்கூடாது. குடித்துவிட்டால், சும்மா பார்க்க வந்தோம், கேட்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். கல்லைக் கேட்டாலும் சொல்லும் இதை.

இஸ்ஸத் பே மழையைப் பற்றிப் பேசினார், அபூ ஹிக்மத்தின் பாட்டனாரைப் பற்றிப் பேசினார். பேச்சு தேன்தான். பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருக்கவேண்டும். கோப்பையை எடுத்தார், ஒரே மடக்கு.

பிறகு பெண்ணின் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அப்ப வந்த வேல முடிஞ்சுதா? கெளம்பலாமா?" என்றார். பாதி விளையாட்டு; மீதிப் பாதிதான் எனக்குப் பயம். இஸ்ஸத் பேக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. ஃபவ்வாஸைப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தான்.

என் கோப்பை நிறையவே இருந்தது. எழுந்தேன்.

"அபூ ஹிக்மத், இந்தக் கெழவன் கோப்பைய இன்னும் தொடல. கேக்க வந்தவன் நான்தேன்..."

மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபவ்வாஸ் கம்பளத்தைப் பார்த்தான். உட்கார்ந்துவிடலாமா? கால் உட்காரத்தான் போனது. ஆனால் உட்கார்ந்தால் பெண் போச்சு.

"எம் மவனுக்கு ஒங்க மவளக் குடுங்க. இவன் ஆத்தா இருந்தா அவளே வந்து நின்னுருப்பா, ஒங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட முன்னாடியே பேசி முடிச்சிருப்பா. எனக்கு நகரத்துப் பேச்சு வராது. புள்ளய ஒழுங்கா வளத்திருக்கோம். அம்புட்டுத்தேன்."

அபூ ஹிக்மத் சிரிக்கவில்லை. பெரியப்பா பக்கம் கையைக் காட்டி அடக்கினார். "குடிங்க அபூ ஃபவ்வாஸ், காபி ஆறுது" என்றார்.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

குடித்தேன். ஏற்கெனவே ஆறித்தான் போயிருந்தது.

காரில் ஃபவ்வாஸ், "நல்லாப் பேசினீங்க யாபா" என்றான். முகத்தைத் திருப்பாமல், ரோட்டைப் பார்த்து.

டிசம்பர் 26, சனி

கல்யாணம் முடிந்தது. பெரியப்பா என் பேச்சை எனக்கே நடித்துக் காட்டினார். நன்றாகத்தான் நடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், ஃபவ்வாஸும்.

மார்ச் 9, 2010, செவ்வாய்

மத்தியானம் ஃபவ்வாஸ் அலுவலகத்திலிருந்து போன் செய்தான். எப்போதும் படிக்கட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான். இன்றைக்குப் பின்னால் ஆட்கள் பேசுவதும் யாரோ நாற்காலி இழுப்பதும் எனக்குக் கேட்டது.

"யாபா, சோறு தின்னியா?"

எங்கள் பேச்சு. 'ச்ச' எல்லாம் அதனதன் இடத்தில். பின்னால் பேச்சு நின்றது, ஒருவன் ஏதோ சொன்னான், சிரிப்பு கேட்டது. ஃபவ்வாஸ் நகரவில்லை. "யாபா, கேக்குதா? தின்னியான்னு கேட்டேன்" என்றான், முன்னைவிடச் சத்தமாக.

அவன் அம்மா கூப்பிடுகிற இழுவை அதில் இருந்தது. தின்றேன் என்றேன். உண்மையில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.