எல்லோருக்கும் கேட்ட இரைச்சல்

மார்ச் 4
வார்டு வகுப்பு. இறுதியாண்டில் பெயர் இருப்பது நூறு பேருக்கு, கட்டிலைச் சுற்றி நின்றது பதினொரு பேர். மற்றவர்கள் நூலகத்தில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு டிக் அடித்துப் பழகுகிறார்களாம். வந்தவர்களில் ஒருத்தியிடம் நோயாளியின் வயிற்றைத் தொடச் சொன்னேன். அடுப்பு சூடா என்று பார்ப்பதுபோல் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். "கல்லீரல் எங்கம்மா இருக்கு?" என்றேன். "ஸ்லைடுல லெஃப்ட்ல தெரியும் மேடம்" என்றாள். நாளைக்கு இவர்களிடம்தான் என் உடம்பைக் கொடுத்தாக வேண்டும்.

மார்ச் 7
செய்முறைத் தேர்வு பதினொன்றாம் தேதி. என் மகளும் இந்த வருடம் இறுதியாண்டு என்பதால் என்னைத் தேர்வாளராகப் போடவில்லை. நியாயம்தான். பதிலுக்கு 'கேஸ்' பிடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தேர்வுக்குப் படுக்கும் நோயாளிகளைக் கூப்பிட்டுக் கட்டில் ஒதுக்க வேண்டும். வருடா வருடம் அதே ஆட்கள்தான். மண்ணீரல் அக்கா, காமாலைக்காரர், மர்மர் அண்ணன். மர்மர் அண்ணனுக்கு இதய வால்வு சரியாக மூடாது, துடிப்புக்குத் துடிப்பு ஒரு இரைச்சல். அதைத்தான் நாங்கள் மர்மர் என்போம். எந்தக் கட்டிலில் யார் என்பது முந்தின நாளே பிள்ளைகளின் வாட்ஸாப்பில் வந்துவிடும். தேர்வாம், தேர்வு.

எந்தக் கட்டிலில் யார் என்று மகளிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பெருமைக்குத்தான் எழுதுகிறேன். வகுப்பில் அவள்தான் முதல். தங்கப் பதக்கம் அவளுக்குத்தான் என்று துறையே சொல்கிறது. இந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது உருப்படி.

மார்ச் 11
பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

தேர்வு முடிந்து பஸ் காசு வாங்க மர்மர் அண்ணன் வந்தார். "மூச்சு வாங்கறது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்களே. அண்ணனுக்குத்தான் முடியல, எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. யாராவது போய்த்தான் ஆகணும்னு என்னை அனுப்புச்சாரு" என்றார். தம்பி! அதே உயரம், அதே வழுக்கை, கையில் அண்ணனின் அட்டை. காலை அவசரத்தில் நான் முகத்தைப் பார்க்காமலே ஐந்தாம் கட்டிலைக் காட்டியிருக்கிறேன்.

படுக்க வைத்து ஸ்டெத் வைத்தேன். இடப்பக்கம் திரும்பச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எல்லா விதமாகவும் கேட்டேன். சுத்தமான இதயம். ஒரு முனகல்கூட இல்லை.

அவரை எட்டு மாணவர்கள் பரிசோதித்தார்கள். ஏழு பேருக்கு மர்மர் கேட்டிருக்கிறது. அது அக்குள்வரை பரவுவதாகக்கூட இரண்டு பேர் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தானும் ஸ்டெத் வைத்து, கண்ணை மூடி, சங்கீதக் கச்சேரியில் உட்கார்ந்தவர்போலத் தலையாட்டியதை நானே பார்த்தேன். எட்டாவது பையன் வகுப்பில் வாயே திறக்காதவன், எல்லோரும் ஊமை என்று கூப்பிடுவார்கள். அவன் மட்டும், "எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றான். "காது கேக்காதவனெல்லாம் டாக்டராகி என்னய்யா பண்ணப்போற?" என்று சொல்லி அவனை ஃபெயிலாக்கிவிட்டார்கள்.

அந்த ஏழு பேரில் என் மகளும் ஒருத்தி.

மார்ச் 12
சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன். "நேத்து அஞ்சாம் கட்டில்ல என்ன கேட்டுச்சு?"

"மர்மர்மா. கிரேடு த்ரீ, நல்லாவே கேட்டுச்சு."

"அது மர்மர் அண்ணன் இல்லடி. அவர் தம்பி. நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு அந்தாளுக்கு."

முகம் செத்துப்போய்விட்டது. தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கேஸை மாத்திவிட்டது நீதானே?" என்றாள். அது உண்மை. "கேக்காததைக் கேட்டேன்னு சொன்னது யாரு?" என்றேன். "கேக்கலன்னு சொன்னவன் என்ன ஆனான்மா? பாத்த இல்ல?"

ஊர்ப்பட்ட பிள்ளைகளை எல்லாம் கரித்துக்கொட்டினேனே, என் வீட்டில் என்ன வளர்த்து வைத்திருக்கிறேன்?

மார்ச் 13
முதல்வரைப் பார்த்தேன். அந்த எட்டுப் பேருக்கும் மறுதேர்வு வையுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். "உங்க பொண்ணும் அதுல இருக்கா, யோசிச்சீங்களா?" என்றார். "யோசிச்சுத்தான் சார் வந்தேன்." பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு கமிட்டி போடறேன்." கமிட்டி என்றால் ஊற்றி மூடப்போகிறார் என்று அர்த்தம்.

மார்ச் 14
வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் அப்பா மட்டும் டிவியோடு பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20
கமிட்டி கூடியது. மூன்று பெரிய மனுஷர்கள், மூவரும் பேராசிரியர்கள். தம்பியை வரவழைத்து ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்டெத் வைத்தார்கள். முடிவு: மெல்லிய மர்மர் உண்டு. தேர்வில் தவறில்லை. த்தூ.

தம்பியை நானே கூட்டிக்கொண்டுபோய் எக்கோ ஸ்கேன் எடுத்தேன். வால்வில் ஒரு குறையும் இல்லை. படத்தை முதல்வர் மேஜையில் வைத்தேன். தொடக்கூட இல்லை அவர். "தேர்வு ஸ்டெதஸ்கோப்புக்குத்தானே மேடம், எக்கோவுக்கு இல்லையே" என்றார். இவர் சம்பளம் வாங்குவது எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

வெளியே தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்கும் இருக்குதாமே மேடம்?" ஒன்றுமில்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். மூன்று பெரிய டாக்டர்கள் சொன்னபிறகு நான் சொல்வதை அவர் எதற்கு நம்ப வேண்டும்?

ஏப்ரல் 9
முடிவு வந்தது. மகளுக்குப் பதக்கம். அவள் அப்பா தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஊமை என்னைத் தேடி வந்தான். அவனுக்கு இது இரண்டாவது தோல்வி. இன்னொரு தடவை தவறினால் கல்லூரியைவிட்டு அனுப்பிவிடுவார்கள், விதி அப்படி. "மேடம், எனக்கு நிஜமாவே ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் கேக்கலடா" என்றேன். அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், பாவம்.

ஜூலை 2
மர்மர் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். எத்தனை பேரை டாக்டராக்கிய நெஞ்சு. கல்லூரியிலிருந்து ஒரு மாலைகூடப் போகவில்லை.

செப்டம்பர் 15
துணைத் தேர்வு. ஐந்தாம் கட்டிலில் தம்பி. அண்ணன் இடத்தில் இப்போது நிரந்தரமாகவே அவர்தான். கமிட்டியே சான்று கொடுத்த மர்மர் ஆயிற்றே.

ஊமை தாழ்வாரத்தில் நின்றிருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. "அஞ்சாம் கட்டில் எனக்கு விழுந்திருக்கு மேடம். என்ன சொல்லட்டும்?" ஆறு மாதம் முன்னால் ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

"கேக்குதுன்னு சொல்லு. கிரேடு த்ரீ. அக்குள்வரைக்கும் போகுதுன்னு சேத்துச் சொல்லு."

"கேக்கலன்னாலுமா?"

"உள்ள போடா."

செப்டம்பர் 30
ஊமை பாஸ். வெள்ளைக் கோட்டோடு என் அறைக்கு வந்தான். வாசலில் நின்ற நர்ஸ் அதற்குள் டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவன் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருந்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. சந்தோஷம்தான் இருந்தது, நிறையவே.

"நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் மேடம்" என்றான். போகும்போது திரும்பி நின்றான். "சத்தியமா மேடம், இந்தத் தடவை வெச்சுப் பாத்தப்ப எனக்கே லேசா கேட்டுச்சு."