சத்தம் வந்த திசை

தாயில்பட்டி,
மார்ச், 1966.

ஏடன் வெயிலில் காயும் என் அத்தானுக்கு, தாயில்பட்டி வெயிலில் காயும் ஞானஜோதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதிலுள்ள போட்டோவில் நான் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன் என்று ஆசீர் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஊசியெல்லாம் போட்டாயிற்று. செல்லக்கனிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்து தணிந்தது. கோடை லீவு விட்டதும் விருதுநகரில் ரயில் ஏறி, மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய் போய்க் கப்பல் பிடிக்க வேண்டுமாம். எங்கள் தலைமையாசிரியர் சத்தியநாதன் சார் பள்ளிக்கூட மேப்பில் பிரம்பை வைத்துக் காட்டினார். பிரம்பு சுலபமாய்ப் போய்விட்டது.

ஆசீர் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். ஒட்டகத்தில் ஏறப்போகிறானாம். பாலைவனத்தில் கூடாரம் அடித்து அப்பாவோடு படுக்கப்போகிறானாம். செல்லக்கனியின் கவலை வேறு. நீங்கள் கப்பலேறும்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அல்லவா? மார்பளவு போட்டோவைக் காட்டி இவர்தான் உன் அப்பா என்றால், இவருக்குக் கால் உண்டா என்று கேட்கிறாள். வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குத்தான் ஆயிரம் யோசனை. கப்பலில் பிள்ளைகள் வாந்தி எடுத்துத் துவண்டால் யாரிடம் போவேன்? அந்த ஊர்த் தண்ணீர் சேருமா? நம் கத்திரி வெயிலே இப்படி என்றால் பாலைவனத்து வெயில் எப்படி இருக்கும்? நீங்கள் போனபின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மாடத்தி, பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள், என் புலம்பலைக் கேட்டுவிட்டு, புருசன் இருக்கிற இடத்துக்குப் போக இம்புட்டு ரோசனையா டீச்சர் என்று கேலி பண்ணினாள். நான் பள்ளிக்கூட வேலையாய்ச் சிவகாசிக்குப் போகிற நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் அவள்தான். அவள் சிரித்தால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

ஆனால் என் பயம் தண்ணீரும் வெயிலும் இல்லை. பஞ்சாயத்து ரேடியோவில் ஏடன் என்று பேர் அடிபடுகிறது. கடைத்தெருவில் குண்டு வீசுகிறார்களாம், கார் வெடிக்கிறதாம். நீங்களோ, அங்கங்கே சில்லறைச் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள். தாயில்பட்டிக்காரிக்கு எது சில்லறைச் சத்தம், எது பெரிய சத்தம் என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

லீவுக்கு வரும் குடும்பங்களுக்கு உங்கள் கம்பெனி சொல்லியிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். சத்தம் கேட்டால் தரையோடு படுக்க வேண்டும், அந்தப் பக்கமே போகக் கூடாது, பார்க்க ஓடி வருகிறவர்களுக்கென்றே இரண்டாவது குண்டு வைத்திருப்பார்கள் என்று. அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நம் ஊரில் சத்தம் கேட்டால் என்ன செய்வோம் அத்தான்? சத்தம் வந்த திசைக்கே ஓடுவோம். அடுப்பில் சோறு இருந்தாலும் ஓடுவோம், கோவிலில் ஜெபம் நடந்தாலும் ஓடுவோம். எந்த ஷெட், யார் உள்ளே என்று ஓடிக்கொண்டே கேட்போம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தராவது ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் இருக்கும்போது வேறென்ன செய்வது? நம் பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். போன தீபாவளி சீசனில் ஒரு ஷெட் வெடித்தபோது, பெரியவர்களுக்கு முன்னால் ஆசீர் அங்கே போய் நின்றான். ஏடனிலும் அந்தக் கால் சும்மா இருக்குமா?

அதனால் பழக்குகிறேன். நினைத்தபோது தகரத் தட்டைத் தரையில் போட்டு அடிப்பேன், இருவரும் மேஜைக்கடியில் குப்புறப் படுத்துத் தலையைப் பொத்த வேண்டும். செல்லக்கனிக்கு இது நல்ல விளையாட்டு. ஆசீர் முறைத்துக்கொண்டே படுக்கிறான். நேற்று, உள்ள யாராச்சும் கெடந்தா யாரும்மா தூக்குவா என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு படுலே என்றேன். மறுபடி தட்டை எடுத்து அடித்தேன்.

உங்களைப் பார்க்க எனக்கும் ஆசை இல்லாமலா? வருகிறோம். நன்றாகப் பழகிவிட்டால் வருகிறோம்.

உங்கள் வரவேற்பை நம்பி,
ஞானஜோதி.


தாயில்பட்டி,
ஏப்ரல், 1966.

என் பிரியமுள்ள அத்தானுக்கு, ஞானஜோதி எழுதுவது. பிள்ளைகள் இருவரும் பத்திரமாய் இருக்கிறார்கள். மற்றதைப் படிக்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மாடத்தியின் கம்பெனியில் ஒரு ஷெட் போய்விட்டது. நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது, மேலே ஓட்டுத் தூசி கொட்டியது. அடுத்த அறையைப் பார்த்தேன், ஆசீரின் இடம் காலி. என் வகுப்பில் இருக்கும் செல்லக்கனி மட்டும் சொன்ன சொல் தட்டாமல் மேஜைக்கடியில் தலையைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள்.

நான் அவளைத் தூக்கவில்லை அத்தான். அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். ஆசீரைப் பிடிக்கத்தான் ஓடினேன் என்று உங்களிடம் சொல்லலாம். அது நிஜமில்லை. அவன் தன் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஓடியிருப்பேன். மாடத்தி உள்ளே இருக்கிறாள் என்பது மட்டுந்தான் மனதில் இருந்தது.

புகைக்குள் ஆசீர் தண்ணீர்க் குடத்தோடு நின்றான். பக்கத்து ஷெட்டில் வெடிமருந்து இருக்கிறது, அதுவும் தீப்பிடிக்கும், பிள்ளைகள் தள்ளிப் போங்கள் என்று பெரியவர்கள் கத்துகிறார்கள், இவன் நகரவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். அறைந்த கையாலேயே குடத்தை வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

மாடத்தி பிழைத்துக்கொண்டாள். இரண்டு கையும் வெந்துபோயிற்று, லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளோடு வேலை செய்த பெத்தணன் போய்விட்டார். பக்கத்து ஷெட் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சத்தியநாதன் சார் எழுதியிருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆசீர் அழுதான். "படுக்கணும்னுதான் நெனச்சேம்மா. காலு நிக்கல" என்றான். நான் அவனை என்ன சொல்லித் திட்டுவது? செல்லக்கனி மூன்று நாளாய் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தட்டை அடித்தால் படுக்கவும் மாட்டேன் என்கிறாள், நீங்க மட்டும் ஓடினீகளே என்கிறாள். உங்கள் மகள் நியாயம் பேசுவதில் உங்களைப் போலத்தான்.

இந்த நிலையில் நேற்று உங்கள் கடிதம் வந்தது. உங்கள் எழுத்து இல்லை. அறையில் கூட இருக்கும் லட்சுமிகாந்தம் எழுதியிருக்கிறார். காரின் கதவில் கை நசுங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, கவலை வேண்டாம், பிள்ளைகளுக்கு ஒட்டகம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்னதாக. ஒரு வரிகூட உங்களால் எழுத முடியாதென்றால் இரண்டு கையுமா? இரண்டு கையையும் ஒரே கதவில் நசுக்கிக்கொண்ட மனுஷரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரு கைதான், அதுவும் வலக்கை என்றால், நீங்களே எழுதியிருக்கலாமே? இடக்கையால்தானே எனக்கு எப்போதும் எழுதுவீர்கள், சாக்பீஸ் பிடிக்கிற என்னைவிட முத்து முத்தாய்? எந்தக் கை என்றுகூட எழுதவில்லை. மாடத்தியின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கடிதத்தைப் படித்தவளிடம் கதவுக் கதை சொல்லாதீர்கள்.

நீங்கள் ஓடியிருக்கிறீர்கள். சத்தம் கேட்டிருக்கும், நம் ஊர்க் கால் நின்றிருக்காது.

என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். அங்கே உள்ளே கிடப்பது நம்மவர் இல்லையே அத்தான் என்று எழுத நினைத்தேன். வியாழக்கிழமை மாடத்தியைத் தூக்கி லாரியில் ஏற்றியவர்களில் பாதிப் பேருக்கு அவள் பேர்கூடத் தெரியாது. அதனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

நாங்கள் வரவில்லை. பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. ஆசீர் ஒட்டகத்தை விட்டுவிட்டான், கூடாரத்தைத்தான் விடமுடியாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். நீங்கள் வாருங்கள். கம்பெனி லீவு தராவிட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், என் சம்பளத்தில் கஞ்சியாவது குடிப்போம். எந்தக் கை எப்படி இருந்தாலும் வாருங்கள். மாடத்திக்கு ஊட்டுகிற கை உங்களுக்கும் ஊட்டும்.

கப்பலேறும் நாள்வரை, அத்தான், சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ளுங்கள். எங்களால் முடியாததை உங்களிடம் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன். உங்களுக்காக நான் செய்கிற ஜெபம் இப்போது ஒன்றுதான். அந்த நேரத்தில் கர்த்தர் உங்கள் கால்களைக் கட்டிப் போடுவாராக.

உங்கள்,
ஞானஜோதி.