தம்பி அறைந்த நர்ஸைப் பார்க்கப் போனோம்

என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒன்றை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் மூச்சு நின்ற அந்தப் பிற்பகலில், வார்டுக்கு வெளியே நம் செந்தில் டியூட்டி நர்ஸைக் கன்னத்தில் அறைந்தான். பிலோமினா என்று பெயர். உங்கள் நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை துவண்டுபோயிருந்தவள் அவள்தான். "ஊசி போட லேட் பண்ணி எங்கப்பாவக் கொன்னுபோட்டீங்க" என்று கத்தினான். லேட் ஆகவில்லை அப்பா. இருபது வருடமாக நர்ஸாக இருக்கும் எனக்கு அது தெரியும். தெரிந்தும் சும்மா நின்றேன். பிறகு தம்பியை அணைத்து வெளியே கூட்டிப்போனேன். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருந்தேன் என்று சொன்னால் போதுமா?

போன வாரம், சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்குக் காத்திருந்த ஒருவரின் மகன் ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி என்மேல் வீசினான். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"அப்பனுக்கு முடியாத ஆத்தரத்துல செஞ்சுபோட்டான் அம்மணி. சமாதானமாப் போயிட்டோம்னு எழுதிக் குடுத்துருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். செந்தில் ஓடி வந்தான். "எவன்க்கா அவன்? ஊரு மட்டும் சொல்லு. கையை முறிச்சுப்போட்டு வாரேன்."

"அந்த நர்ஸோட ஊட்லயும் இப்படித்தான கேட்டிருப்பாங்க, கண்ணு?" என்றேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனாகவே, "அவங்களப் பாக்கப் போலாமாக்கா?" என்றான்.

மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் பிலோமினாவைப் பார்த்தோம். செந்தில் நின்றுகொண்டே, "தப்புப் பண்ணிப்போட்டனுங்க, மன்னிச்சுருங்க" என்றான். அவள் பார்த்தது என்னை.

"அவராவது அழுதுட்டு இருந்தாருங்க. நீங்க நர்ஸுன்னு அட்மிஷனப்பவே சொன்னீங்க. நீங்க ஏனுங்க ஒரு வார்த்தை பேசலை?"

ஏன் பேசவில்லை என்று உங்களுக்காவது தெரிகிறதா அப்பா?

யாராவது குரலை உயர்த்தினால் இப்போதும் அவளுக்குக் கை நடுங்குகிறதாம். ஊசியேற்றுகிற கை. அன்றைக்கு அவளையும் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"மன்னிக்கறது அப்பறம் இருக்கட்டுங்க. நடந்ததை எழுதிக் குடுங்க. கம்ப்ளெய்ன்ட் குடுப்பனான்னு எனக்கே தெரியலைங்க. ஆனா அது என் கையில இருக்கோணும்."

செந்தில் எழுதினான். நான் கண்ணால் பார்த்தது என்று அதன் கீழே எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய், என் கேஸில் சமாதானம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"கூடப்பொறந்தவனையே மாட்டி உட்டுப்போட்டியே" என்று சொன்ன அம்மா, அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. செந்தில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இரண்டு பேருமே திடுக்கிடுகிறோம். செய்தது சரிதான் என்று பத்து நிமிடம் தோன்றுகிறது, பிறகு அம்மா சொன்னதுதான் சரியோ என்றிருக்கிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்ல முடியும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் அவனோடு நானும் போவேன். விட்டுவிடச் சொல்லி யாரிடமும் கெஞ்ச மாட்டேன். அவனைத் தனியாக விடவும் மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
சாந்தாமணி