என் பெயரில் ஆடியவன்

1907 நவம்பர் 20, புதன்

கண்ணாடி ஆலை விட்டதும் எங்கள் ஊர் புட்பால் அணியின் கேப்டன் ஹேன்லன் என்னைத் தனியே கூப்பிட்டார். "கோவிச்சுக்காதே எமில். ஞாயித்துக்கிழமை உன் எடத்துல ஒரு காலேஜ் ஆட்டக்காரன் எறங்குறான். அவன் பேரு வெளிய வந்தா காலேஜை விட்டே தூக்கிடுவாங்க. அதனால எமில் கிராட்ஸ்னு உன் பேருல ஆடட்டும்."

ஒஹாயோவில் எல்லா ஊர்க்காரர்களும் செய்வதுதான். ஜெயித்தால் மாநிலப் பட்டம் எங்களுக்கு. சரி என்றேன். நான் ஆடினால் தோற்போம் என்று எனக்கே தெரியுமே!

நவம்பர் 24, ஞாயிறு

என் சட்டை அவனுக்கு இறுக்கமாக இருந்தது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் கூட்டத்தோடு நின்றேன்.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த எதிரணியின் லாயிட் புரோசரை அந்தக் காலேஜ்காரன் கீழே தள்ளினான். விசில் ஊதிய பிறகும், வேண்டுமென்றே, முழங்காலால் அவர் கால்மேல் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் கயிறு வரைக்கும் கேட்டது.

ஜெயித்துவிட்டோம். "கிராட்ஸ்! கிராட்ஸ்!" என்று கத்தினார்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே கத்தினார்கள்.

நவம்பர் 25

பத்திரிகையில் வந்துவிட்டது: கிராட்ஸின் முரட்டு ஆட்டத்தால் புரோசரின் கால் முறிந்தது. என் மனைவி டில்டா படித்துவிட்டு, "அந்தாளு சுரங்கத்துல வேலை பாக்குறவராம். மூணு புள்ளைங்களாம். நான் செய்யலன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள்.

சொன்னால் பட்டம் போய்விடும். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 27

ஆலையில் தோளைத் தட்டுகிறார்கள். "சும்மா நின்னே பேரு வாங்கிட்டியேடா!" நானும் சிரித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

டிசம்பர் 1, ஞாயிறு

புரோசரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரயிலேறிப் போனேன். பெயரைச் சொன்னதும் அவர் மனைவி, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?" என்றாள். "வரட்டும், விடு" என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

காலில் பலகை கட்டிப் படுத்திருந்தார். என்னை உற்றுப் பார்த்தார். "இவன் இல்லம்மா. அந்த மூஞ்சிய நான் மறப்பேனா? ஓ, நீதான் நெசமான கிராட்ஸா? ஒக்காரு."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. நாற்காலி கொண்டுவந்து போட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஆட்டம் நடந்தப்போ நீ எங்கப்பா இருந்தே?"

"கயித்தோரம்."

"என் கால் ஒடைஞ்சப்போ என்ன பண்ணினே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"கை தட்டினேன்."

நான் இன்னும் உட்காரவில்லை. அவர் மனைவி நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.