சுகமானவளின் ரத்தம்

நேற்று என் மகள் நகச்சாயத்தை அழிக்க ஒரு புட்டியைத் திறந்தாள். அசிட்டோன் வாடை. பிரிக்பீல்ட்ஸில் நீயும் நானும் சேர்ந்து வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் நினைவுக்கு வந்தது. கண்ணாடித் தகடுகளை நாம் அதில்தான் முக்கி எடுப்போம்.

எண்பதுகளின் தொடக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை நமக்குப் புதிது. ரத்தத்தில் அப்படித் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், இருட்டறை நுண்ணோக்கியில் செல்களின் கரு பச்சையாக ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுகமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். அது ஒளிரக் கூடாது.

"என்னோடத எடு லா. எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று கையை நீட்டினாய். காலையில் விரல்கள் மடங்கவில்லை என்று சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கன்னச் சிவப்புக்குக் கிள்ளான் பஸ் நிலைய வெயிலைக் காரணம் சொன்னாய். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உன் தகடு ஒளிர்ந்தது. குழாய் மாறிவிட்டதென்று மறுபடி செய்தேன். மறுபடியும் பச்சை.

"ஓகேவா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாய். உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

"ஸ்லைட் கெட்டுப்போச்சு. வேற ஆள்கிட்ட எடுத்துக்கிறேன்" என்றேன்.

கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தபின் உன் சிரிப்பைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். பிறகு நீ முழுகாமல் இருப்பதாகச் சொன்னாய். அதற்குமேல் எனக்கு வாயே வரவில்லை.

நான்காம் மாதம் உன் கால்கள் வீங்கின. யாரிடமும் சொல்லாமல் உன் ரத்தத்தை நீயே சோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். நுண்ணோக்கியில் ஒரு வெள்ளை அணு, சிதைந்த இன்னொன்றின் கருவை விழுங்கி உப்பிக் கிடந்தது. அந்த நோயின் அடையாளம் அது.

"இது என்னோடது. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியா?"

ஆமென்று தலையசைத்தேன். நீ விளக்கை அணைத்தாய். "இனிமே யாருக்கும் இப்படிச் செய்யாதே" என்றாய். அவ்வளவுதான்.

அதற்குள் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. குழந்தை தங்கவில்லை. நீ தீபாவளி வரைகூடத் தாங்கவில்லை. கடைசி வாரத்தில் உன் கணவர் ஆஸ்பத்திரி நடையில் என்னிடம், "ரத்தம் பாக்கிறவங்கதானே நீங்க, இது எப்பக்கா ஆரம்பிச்சிருக்கும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க" என்றேன்.

அதற்குப்பின் இருபது வருடங்கள் அதே வேலையில் இருந்தேன். ஒளிர்ந்த ஒவ்வொரு தகட்டையும் அன்றைக்கே தெரிவித்தேன். ஆனால், நான் வாய் திறக்காத அந்த மாதங்களில் மருந்து தொடங்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று, தினமும் பார்த்த டாக்டர்களில் ஒருவரிடம்கூட நான் கேட்டதில்லை.