பதினொரு ஓட்டு

மார்ச் 3

அன்பு அம்மணிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை ரேடியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குலுக்கலில் தேர்வான இருநூறு குடிமக்களும் தலைநகருக்கு வந்துவிட்டார்களாம். அரசாங்கம் கவிழ்ந்து, பெட்ரோலும் மருந்தும் கிடைக்காமல் நாடே அல்லாடும்போது, புதுச் சட்டம் எழுத ஜனங்களையே கூப்பிட்டது நல்ல காரியம். ஆனால் முப்பது வருஷம் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தி, ஒரு தலையங்கம் விடாமல் படித்தவன் நான். குலுக்கலில் விழுந்ததோ, தலைப்புச் செய்திகூடப் படிக்காத உன் பேர்! பக்கத்து வீட்டு டெய்லர், "சார், அதிர்ஷ்டம் ஒரு தலையணை தள்ளி விழுந்துடுச்சே" என்கிறார். நானும் சிரித்துவைத்தேன்.

உன் பெட்டியில், துணிக்கு அடியில் என் நோட்டு இருக்கிறது. 'நாட்டைச் சீர்திருத்த நாற்பது யோசனைகள்'. அப்படியே படித்தால் போதும். நீயாக எதுவும் சேர்க்காதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளிக்கூட ஹாஸ்டலில் தங்கியிருக்கிறோம். எட்டுப் பேருக்கு ஓர் அறை. ஹாலில் என் பக்கத்து நாற்காலி ஒரு நில அளவையருக்கு. புரியாததை அவர்தான் விளக்குவார். நேற்று பேசச் சொல்லி என்னை எழுப்பிவிட்டதும் அவர்தான்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்வதைச் சொன்னேன்: "ஸ்டாக் இல்லம்மா, வெளியில வாங்கிக்குங்க." நிஜமாகவே இல்லையா என்று எனக்கே தெரியாது. ஸ்டோர் சாவி என்னிடம் இல்லை. இருக்கிற மருந்தை ஆஸ்பத்திரி தினமும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும், ஊர்க்காரர் மூன்று பேர் உள்ளே போய்ச் சரிபார்க்க உரிமை வேண்டும் என்றேன். ஹாலே கைதட்டியது!

சபை அதை ஏற்றுக்கொண்டது; இனி ஊர் ஊராக ஓட்டெடுப்பு நடக்கும். ஏற்றுக்கொள்ளும் ஊரில் உடனே சட்டமாகும்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் அம்மணி


மார்ச் 24

அம்மணி,

உன் குரலை ரேடியோவில் கேட்டேன், சைக்கிள் கடையில் பத்துப் பேரோடு நின்று. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நேற்றுவரை நாட்டு நிலவரத்தை என்னிடம் கேட்டவர்கள், "அம்மா இன்னும் என்ன சொன்னாங்க சார்?" என்கிறார்கள்.

என் நாற்பதில் ஒன்றைக்கூடக் காணோமே? பேச்சை எழுதிக்கொடுத்தது நில அளவையரா? உன் கடிதத்தில் அவர் நாற்காலியில் வருகிறார், விளக்க வருகிறார், எழுப்பிவிட வருகிறார். நான் மாத்திரையோடு மட்டும் வருகிறேன்.

பதில் எழுது.


மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

நில அளவையர் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்பார், நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசமாட்டார். அவ்வளவுதான். ஆனால் அது எனக்குப் புதுசு.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே நோட்டைப் படித்துவிட்டேன். பதினேழாவது யோசனை: பள்ளி இறுதி தேறாதவர்களுக்கு ஓட்டு கூடாது. நான் எட்டாவதோடு நின்றவள். அதை எழுதும்போது நான் எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்திருப்பேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தீர்களா?

அம்மணி


ஏப்ரல் 21

அன்பு அம்மணிக்கு,

நான்கு வாரமாகக் கடிதம் போடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் உன் சட்டம் தோற்றுவிட்டது. பதினொரு ஓட்டில். "கண்டவன் ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து மருந்தைக் கிளறினா உருப்படுமா?" என்று தினமும் சைக்கிள் கடையில் நின்று பேசியவன் நான். தலையாட்டியவர்களே இருபது பேர் தேறுவார்கள். சட்டம் நல்லது என்று தெரிந்துதான் பேசினேன். அது உன்னுடையதாக இல்லாமல் இருந்திருந்தால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டிருப்பேன்.

முடிவை ஒட்டியபோது முதலில் வந்தது சந்தோஷம். அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் டெய்லர் சம்சாரத்துக்கு இன்சுலின் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெய்லர் நம் வாசலில் வந்து நின்று, "சார், உள்ள இருக்கா இல்லையான்னு யார்கிட்ட கேக்கறது?" என்றார்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 27

அவருக்கு,

டெய்லர் சம்சாரத்துக்கு இன்சுலின் கிடைத்ததா? அதை எழுதாமலே கடிதத்தை முடித்திருக்கிறீர்கள்.

முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டால் மறு ஓட்டெடுப்பு உண்டு. நான் அங்கே வந்து ஒரு வீட்டுக் கதவையும் தட்டப்போவதில்லை. கெடுத்தவர் நீங்கள். இங்கே வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

அம்மணி


மே 12

அன்பு அம்மணிக்கு,

இன்சுலின் இரண்டு நாள் கழித்து வந்தது. டெய்லரின் மைத்துனர் வெளியூரில் அலைந்து வாங்கிவந்தார். அந்த அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறார். மறு ஓட்டெடுப்புக்கு நான் வாங்கிய முதல் கையெழுத்து அவருடையது.

இன்றோடு இருநூற்றுப் பதினான்கு. சைக்கிள் கடைக்குக் கடைசியாகத்தான் போனேன்; கால் வரவில்லை. "வேணாம்னு சொன்னதே நீங்கதானே சார்?" என்று கடைக்காரர் மடக்கினார்.

"பெண்டாட்டி மேல பொறாமை. வேற காரணம் கிடையாது" என்றேன்.

ஒருவர் எழுந்து வெளியே போனார். கடைக்காரர் மட்டும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "பேனாவைக் குடுங்க" என்றார். அங்கே கிடைத்தது ஆறு கையெழுத்து. மற்றவர்கள் யோசிக்கிறார்களாம். என் வாயால் கெட்டது, சீக்கிரம் சரியாகாது.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் போகும் வீட்டிலெல்லாம் முதலில் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள், சுருக்கென்று இருக்கிறது. சுருக்கென்ற பிறகும் தாளை நீட்டுகிறேன்.

உன்னை வா என்று கூப்பிட வாயில்லை. நாளைக்கு மில் குடியிருப்புப் பக்கம் போகிறேன். முந்நூறு ஆனதும் எழுதுகிறேன். ஆகாவிட்டாலும் எழுதுகிறேன்.

நான்